பதவி துறந்தவர் பெயர் தெரியும், பலியானவர் பெயர்?

பதவியைத் துறந்தார் சாஸ்திரி! பண்பிலே உயர்ந்தார் சாஸ்திரி! நாட்டிலே எந்த மூலையில் ரயில் கவிழ்ந்தாலும் இந்தப் பாராட்டு எழுந்துவிடும். நாடாளுமன்றத்திலே எழும், நாளேடுகளிலே எழும், டீக்கடைப் பெஞ்சிலேயும் எழும். 2023 ஜூன் 2-ஆம் நாள் ஒடிசாவின் பாலசோர் மாவட்டத்திலே, சென்னை நோக்கி வந்த கோரமண்டல் விரைவு வண்டி விபத்துக்குள்ளாகி 290-க்கும் மேற்பட்டோர் மாண்டபோதும் எழுந்தது. அந்தக் காலத்து அமைச்சர் பொறுப்பேற்று விலகினாரே, இந்தக் காலத்து அமைச்சருக்கு அந்த மனம் வாராதா என்று கேட்டனர். கேட்டதிலே தவறில்லை. கேட்கத்தான் வேண்டும்.

ஆனால், தோழர்களே, ஒன்றை எண்ணிப் பாருங்கள். சாஸ்திரி பதவி துறந்தது எதனால்? அரியலூர் ரயில் விபத்தினால். அரியலூர் எங்கோ வடக்கே இருக்கும் ஊரன்று. இன்றைக்குத் தனி மாவட்டம். அன்றைக்குத் திருச்சி மாவட்டம். நம் வீட்டு வாசலிலே நடந்த கொடுமை அது. அந்தக் கொடுமையிலே மாண்டவர்களில் ஒருவர் பெயரை, ஒரே ஒருவர் பெயரை, நம்மில் எவரேனும் சொல்ல முடியுமா? பெஞ்சிலே கேட்டுப் பாருங்கள். பேச்சு நின்றுவிடும். பதவியை இழந்தவர் பெயர் ஏறத்தாழ எழுபது ஆண்டாக நாட்டின் நாவிலே நடமாடுகிறது; உயிரை இழந்தவர் பெயர் ஒருவர் நாவிலும் இல்லை. விந்தையாக இல்லையா?

நடந்தது என்ன என்பதை இளைய தோழர்களுக்காகச் சொல்லிவிடுவோம். 1956 நவம்பர் 22-ஆம் நாள் இரவு, சென்னை எழும்பூரிலிருந்து தூத்துக்குடிக்குப் புறப்பட்டது விரைவு வண்டி. நீராவி எஞ்சின், மீட்டர் பாதை. விழுப்புரம் கடந்தது, விருத்தாசலம் கடந்தது, விடியும் நேரத்திலே அரியலூரும் கடந்தது. வழியிலே மருதையாறு. கொள்ளிடத்திலே போய்ச் சேரும் ஆறு. அன்றோ மழைவெள்ளம் கரைபுரண்டு ஓடியது. வெள்ளம் அரித்த பாலம் வண்டியைத் தாங்கவில்லை. 23-ஆம் நாள் காலை ஐந்தரை மணி அளவிலே, எஞ்சினும் அதைத் தொடர்ந்த பெட்டிகளும் ஆற்றிலே விழுந்தன. பெட்டியிலே தூங்கியவர் தூக்கத்திலேயே போயினர். விழித்தவர் விழித்ததும் தண்ணீரைத்தான் கண்டனர்.

இன்னும் கொஞ்ச தூரம்தான். கல்லகம், புள்ளம்பாடி, லால்குடி, கொள்ளிடப் பாலம், ஸ்ரீரங்கம் என்று பலகை சொல்லும் நம் திருவரங்கம், அப்புறம் காவிரி, டவுன் நிலையம், பொன்மலை, சந்திப்பு. பொழுது நன்றாகப் புலரும் முன்பே வந்து சேர்ந்திருக்க வேண்டிய வண்டி. திருச்சி சந்திப்பிலே அந்த வண்டியின் வரவுக்குக் காத்திருந்த கண்கள் எத்தனையோ! வண்டி வரவில்லை. செய்திதான் வந்தது.

யார் அந்தப் பயணிகள்? மூன்றாம் வகுப்பு என்றொரு வகுப்பு ரயிலிலே இருந்த காலம் அது. காசு கொடுத்தால் சீட்டு கிடைக்கும். சீட்டிலே பெயர் இருக்காது. எழும்பூரிலே ஏறியவன் யார், விழுப்புரத்திலே இறங்கியவன் யார் என்பது இரயில்வேக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் இல்லை, வண்டி ஆற்றிலே விழுகிற வரையில். பட்டணத்து ஓட்டலிலே மாவாட்டிச் சேர்த்த பணத்தை மடியிலே முடிந்துகொண்டு ஊர் திரும்பியவன் இருந்திருப்பான். துறைமுகத்திலே வேலை கிடைக்கும் என்று தூத்துக்குடிக்குக் கிளம்பியவன் இருந்திருப்பான். மகளின் பிரசவத்துக்குப் போன தாய் இருந்திருப்பாள். இருந்திருப்பான், இருந்திருப்பாள் என்று நாம் ஊகம்தான் செய்ய முடிகிறது, பாருங்கள்! அமைச்சரைப் பற்றிப் பேசும்போது ஊகம் தேவைப்படுகிறதா? தேதி உண்டு, கடிதம் உண்டு, பிரதமரின் பதில் உண்டு. பெட்டியிலே இருந்தவனுக்கு மட்டும் ஊகம்!

மாண்டோர் தொகைகூட ஒரே தொகையாகக் கிடைக்கவில்லை. 142 என்கிறது ஒரு கணக்கு. 150-க்கு மேல் என்கிறது இன்னொரு கணக்கு. கணக்குக்குக் கணக்கு பத்துப்பேர் கூடுகின்றனர், குறைகின்றனர். அந்தப் பத்துப்பேரும் காற்றா? கற்பனையா? அவர்களுக்குத் தாய் இல்லையா, தாலி கட்டியவள் இல்லையா? அரிசி மூட்டையிலே பத்து குறைந்தால் கிட்டங்கிக் கணக்கன் தூங்கமாட்டான். ஆளிலே பத்து குறைந்ததற்கு நாடு எழுபது ஆண்டாக நன்றாகத் தூங்குகிறது.

பழைய கதை, அந்தக் காலத்து நிர்வாகம், இன்று எல்லாம் மாறிவிட்டது என்பாரும் உளர். மாறியது உண்மை. மீட்டர் பாதை போய் அகலப்பாதை வந்தது. நீராவி போய் மின்சாரம் வந்தது. அரியலூர் வழியே வந்தே பாரத் வண்டி பறக்கிறது. முன்பதிவில்லாப் பெட்டிக்காரனின் நிலை மாறியதா? பாலசோரிலே மாண்டவர்களில் 28 பேரின் உடல்கள், இன்னார் என்று அடையாளம் சொல்வார் இன்றி, நான்கு மாதம் குளிர்பெட்டியிலே கிடந்து, 2023 அக்டோபரில் புவனேசுவரத்திலே எரியூட்டப்பட்டன. மரபணுச் சோதனை இருக்கிற காலத்திலே இது. 1956-இலே பெயர் எழுதாத பேனா 2023-இலும் 28 இடத்திலே எழுதாமல் நின்றது.

சரி, 1956-க்குத் திரும்புவோம். அரியலூருக்கு இரண்டரை மாதம் முன்பு, அதே ஆண்டு செப்டம்பரிலே, அன்றைய ஐதராபாத் இராஜ்யத்து மகபூப்நகர் அருகே பாலம் இடிந்து ஒரு வண்டி கவிழ்ந்தது. 112 பேர் மாண்டனர். அப்போதே சாஸ்திரி விலகுவதாகச் சொன்னார், நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பின் மறுபடி சொன்னார், ஏற்றார். நல்ல முன்மாதிரி. நாம் அதைக் குறைத்துச் சொல்ல வரவில்லை. பதவி நாற்காலியைப் பசைபோட்டுப் பிடித்துக்கொள்ளும் மந்திரிகள் மலிந்த நாட்டிலே, எழுந்து போனவரை மதிக்கத்தான் வேண்டும்.

எதிர்ப்புறத்திலே நடந்தது என்ன? அப்போது ரயில்வேத் துணை அமைச்சராக இருந்தவர் நம் நாட்டவர், செங்கற்பட்டு ஓ. வி. அழகேசன். 1956 மே திங்களிலே திருச்சியில் கூடிய கழக மாநில மாநாடு, தேர்தலிலே நிற்பது என்று முடிவெடுத்திருந்த நேரம். 1957 பொதுத்தேர்தல் மேடைகளிலே அரியலூரையும் அழகேசரையும் சேர்த்துக் கட்டிய முழக்கம் ஒன்று பட்டிதொட்டியெல்லாம் கிளம்பியது. சவுக்கடி போன்ற முழக்கம்! முதிய தோழர்கள் இன்றும் மனப்பாடமாகச் சொல்வர். அந்தத் தேர்தலிலே அழகேசன் தோற்றார்.

ஆளுங்கட்சியின் பாராட்டிலே சாஸ்திரி பெயர் வாழ்கிறது. எதிர்க்கட்சியின் முழக்கத்திலே அழகேசர் பெயர் வாழ்கிறது. ஒருவர் புகழோடு, ஒருவர் பழியோடு. எப்படியோ இருவரும் வாழ்கின்றனர். மருதையாற்றிலே போனவர்களுக்குப் புகழும் இல்லை, பழியும் இல்லை, பெயரும் இல்லை. இதுதான் நாம் இன்று பேச வந்த பொருள்.

இடையிலே ஒரு சங்கதி. வரலாறு சில வேளை விளையாடும். அதே சாஸ்திரி 1964-இலே பிரதமரானார். அவர் ஆட்சியிலேதான், 1965 சனவரி, பிப்ரவரியிலே, இந்தித் திணிப்பை எதிர்த்த தமிழ்நாட்டிலே துப்பாக்கிகள் பேசின. சர்க்கார் கணக்கு சுமார் 70 உயிர். மக்கள் கணக்கு அதைப் பல மடங்கு தாண்டும். இந்த முறை பிரதமர் விலகவில்லை. விலகல் கடிதம் கொடுத்தவர்கள் இருவர்: சி. சுப்பிரமணியமும், ஆம், அதே அழகேசனும்! கொடுத்த கடிதத்தைப் பிறகு திரும்பப் பெற்றுக்கொண்டனர் என்பது வேறு கதை. அந்த மொழிப்போரிலும் பாருங்கள்: திருச்சி சந்திப்பு வாசலிலே 1964 சனவரி 25-ஆம் நாள் உயிர்விட்ட கீழப்பழுவூர் சின்னசாமியின் பெயரை இன்று பள்ளிப் பிள்ளையும் சொல்லும். ஏன்? தென்னூரிலே அவருக்கும் விராலிமலை சண்முகத்துக்கும் நினைவிடம் இருக்கிறது. ஆண்டுதோறும் ஒரு நாள் இருக்கிறது. அந்த நாளிலே போய் நிற்கும் கூட்டம் இருக்கிறது. (உயிரை மாய்த்துக்கொள்வதை எவருக்கும் வழியாக நாம் சொல்லமாட்டோம், உயிரோடு நின்று போராடும் தொண்டனே இயக்கத்துக்கு வேண்டும்.) துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானவர்களில் எத்தனை பேர் பெயரை நாம் அப்படிச் சொல்ல முடியும்? பொள்ளாச்சியிலே வீழ்ந்தவர்கள் எத்தனை பேர், யார் யார்? அதையும் ஒரு நாள் தனியாகப் பேசத்தான் வேண்டும்.

நினைவு என்பது தானாக நிற்காது. நிறுத்தினால்தான் நிற்கும். எப்படி நிறுத்துவது என்பதற்கு வெளியூர் போக வேண்டாம். திருச்சியைச் சுற்றி வந்தாலே போதும்.

முதலில் காந்தி சந்தை. காய்கறிக் கூடைகளுக்கும் கைவண்டிகளுக்கும் நடுவே, முதல் உலகப்போரின் நினைவுக்கல் ஒன்று இருக்கிறது. வெள்ளைக்காரன் வைத்தது. இந்த நகரத்திலிருந்து இத்தனை பேர் போருக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று சொல்லும் கல். நம் நாட்டு ஊர்களிலே இப்படிப்பட்ட கற்களைப் பலவாக நட்டான் அவன். தொகை உண்டு, பெயர் இல்லை. யாருடைய சண்டைக்கோ போய்ச் செத்தவனை எண்ணினான், எழுதவில்லை. மாடு பிடித்த கணக்கு! சந்தைக்கு வரும் ஆயிரம் பேரிலே அந்தக் கல்லின் முன் நிற்பவர் எத்தனை பேர்? குற்றம் மக்களுடையதன்று. எண்ணைப் பார்த்து எவனும் அழமாட்டான்.

அடுத்து பொன்மலை. 1946 செப்டம்பர் 5. தென்னிந்திய ரயில்வேத் தொழிலாளர் வேலைநிறுத்தம். சங்கத் திடலிலே தொழிலாளர் மீது மலபார் ஸ்பெஷல் போலீஸ் சுட்டது, ஐவர் மாண்டனர். வெள்ளையன் வெளியேற இன்னும் ஓராண்டுகூட இல்லாத நேரம்; போகிற போக்கிலும் சுட்டுவிட்டுப் போனான். அந்த ஐவருக்கு எந்த சர்க்காரும் மணிமண்டபம் கட்டவில்லை. தொழிலாளர் தாங்களே நினைவை வளர்த்தனர். ஆண்டுதோறும் செப்டம்பர் 5-இலே திடலிலே கூடுகின்றனர். ஐவரின் பெயரையும் உரக்கச் சொல்லி வணக்கம் செலுத்துகின்றனர். அங்கே பறப்பது செங்கொடி, நம் கொடி அன்று. அதனால் என்ன? சுட்டவன் கொடி பார்த்துச் சுடவில்லை. ரயில்வேப் பட்டறையிலே புதிதாகச் சேர்ந்த பையன், பாட்டன் காலத்துச் சங்கதியை அந்தத் திடலிலே நின்று தெரிந்துகொள்கிறான். எட்டு மணி நேர வேலையும் சங்கம் வைக்கும் உரிமையும் வானத்திலிருந்து விழவில்லை என்பதை அவனுக்கு எந்தப் பாடப்புத்தகம் சொல்லிக் கொடுத்தது? அந்த ஐந்து பெயர்கள் சொல்லிக் கொடுத்தன.

அப்புறம் காவிரியைக் கடந்து திருவரங்கம். கோயிலுக்குள் வரச் சொல்லவில்லை; போகிறவர் போகட்டும். நாம் கிழக்கு வாசலிலே நின்று அண்ணாந்து பார்ப்போம். 21 கோபுரம் கொண்ட ஊர். ஐந்து வண்ணமும் ஆறு வண்ணமும் தீட்டிய கோபுரங்களுக்கு நடுவே, கிழக்கிலே நிற்கும் ஒன்று மட்டும் வெள்ளை. ஏன் வெள்ளை? 14-ஆம் நூற்றாண்டிலே படையெடுப்பு வந்து ஊர் சூறையாடப்பட்டபோது, வெள்ளையம்மாள் என்ற ஆடல்மகள் படைத்தலைவனைக் கோபுர உச்சிக்கு அழைத்துப்போய்க் கீழே தள்ளிவிட்டுத் தானும் விழுந்து மாண்டாள் என்பது ஊர் வழங்கும் கதை. அவள் நினைவாகத்தான் கோபுரத்துக்கு வெள்ளை என்கின்றனர். கதையிலே எவ்வளவு வரலாறு, எவ்வளவு கற்பனை என்பதை ஆராய்ச்சியாளர் பார்த்துக்கொள்ளட்டும். நமக்கு வியப்பு வேறு. அரசனுக்கன்று, ஆச்சாரியனுக்கன்று, அந்தக் காலம் இழிவாகப் பார்த்த ஒரு பெண்ணுக்கு, அறுநூறு ஆண்டுக்கு மேலாக ஒரு கோபுரத்தையே வெள்ளையாக வைத்திருக்கிறது ஊர்! கல்வெட்டு வேண்டியிருக்கவில்லை. தோளிலே உட்கார்ந்து வரும் குழந்தை, "இது மட்டும் ஏம்ப்பா வெள்ளை?" என்று கேட்கும், தகப்பன் கதை சொல்வான். கேள்வி பிறக்கிறது, பதில் பிறக்கிறது, ஒரு தலைமுறையின் நினைவு அடுத்த தலைமுறைக்கு ஏறிவிடுகிறது. மருதையாற்றுப் பாலத்திலே வண்டி போகும்போது எந்தக் குழந்தை என்ன கேட்கும்? பாலத்தைப் புதிதாகக் கட்டினார்கள், தண்டவாளத்தை மாற்றினார்கள், கேட்பதற்கு ஏதும் கண்ணிலே படவில்லை.

"பழையதை நினைத்து என்ன பயன்? செத்தவன் வருவானா?" என்று கேட்கும் கெட்டிக்காரர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களைத் திருவரங்கத்திலே இன்னும் சிறிது நேரம் நிறுத்திவைப்போம்.

2004 சனவரி 23. திருவரங்கத்துக் கல்யாண மண்டபம் ஒன்றிலே திருமணம். மாடியிலே கீற்றுப் பந்தல். வீடியோ விளக்குக்குப் போன மின்கம்பியிலே பிறந்த பொறி பந்தலைப் பற்றியது. ஓடி இறங்க வழி குறுகல். மணமகன் உள்ளிட்ட 50-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தாலி கட்ட வந்தவன் பிணமானான். வாழ்த்த வந்தவர் சாம்பலாயினர். ஊரே அழுதது. தலைவர்கள் வந்தனர், தொகை அறிவித்தனர், போயினர்.

ஆறு மாதம் முடியவில்லை. அதே ஆண்டு சூலை 16. அதே காவிரிக்கரையிலே கும்பகோணம். பள்ளிக்கூடத்துச் சமையற்கூடத்திலே கிளம்பிய தீ, கூரைக் கீற்றிலே ஏறியது. 94 குழந்தைகள்! எழுதும்போது கை நடுங்குகிறது. திருவரங்கத்திலே எரிந்தது கீற்று. கும்பகோணத்திலே எரிந்ததும் கீற்று. திருவரங்கத்திலே குறுகிய வழி. கும்பகோணத்திலேயும் குறுகிய வழி. சனவரியிலே ஒரு நெருப்பு பாடம் நடத்தியது. சூலைக்குள் அந்தப் பாடத்தை மறந்திருந்தோம். மறதிக்கு விலை 94 குழந்தைகள் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள், கணக்கு அப்படித்தான் வருகிறது.

அதற்குப் பிறகுதான் பள்ளிக்கூடங்களிலே கீற்றுக் கூரை இறங்கியது. கும்பகோணம் பாலக்கரையிலே நினைவிடம் எழுந்தது. ஒவ்வொரு சூலை 16-இலும் பெற்றோர் பிள்ளைகளின் படங்களை வரிசையாக வைத்துப் பூப்போட்டு, விளக்கேற்றுகின்றனர். அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடத்துக்குக் கீற்றுக் கொட்டகை போடலாம் என்று ஒரு தாளாளர் வாய் திறப்பாரா? அதிகாரி கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவாரா? போடுபவனும் இருக்கலாம், ஆனால் கை கூசும். அந்தக் கூச்சத்தை உண்டாக்குவது சட்டப்புத்தகம் அன்று. முகமும் பெயரும்.

இப்போது கேளுங்கள்: அரியலூருக்கு நினைவுக்கல் எதற்கு? மழைக்காலத்து இரவிலே, கையிலே விளக்கோடு, முழங்கால் சேற்றிலே தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நடக்கிறானே கேங்மேன், அவனுக்காக. அவன் தூங்கினால் வண்டி போகும். அவன் இல்லாவிட்டாலும் போகும்! ஆள்குறைப்பு, காலியிடம் நிரப்பாமை, ஒருவன் தலையிலே இருவர் வேலை என்று நடக்கிறதே, அந்தக் கோப்பிலே கையெழுத்துப் போடும் பெரிய அதிகாரி, நிலையத்திலே இறங்கும்போது அந்தக் கல்லைப் பார்க்க வேண்டும். மாண்டவர் பெயர்கள் மேலே, கீழே மூன்று வரி: ஆற்றிலே வெள்ளம் வந்தது, பாலம் அரிக்கப்பட்டது, வண்டி நிறுத்தப்படவில்லை. கண்ணீர்க் கவிதை வேண்டாம், காரணம் வேண்டும். காரணம் எழுதாத நினைவுக்கல் பாதிக் கல்.

எழுபது ஆண்டு கழித்துப் பெயருக்கு எங்கே போவது என்பீர்கள். ஸ்காட்லாந்து நாட்டிலே டே என்றோர் ஆறு. 1879 டிசம்பர் 28-ஆம் நாள் இரவு, புயலிலே பாலம் சரிந்து, அதன்மேல் போன ரயில் ஆற்றிலே விழுந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை. அங்கேயும் இதே குழப்பம்தான்: நெடுங்காலம் 75 பேர் என்று சொல்லிக்கொண்டிருந்தனர், பெயர்ப்பட்டியல் இல்லை. ஊர் வரலாற்று ஆர்வலர்கள் பழைய பதிவுகளைத் துழாவி, 59 பேரைப் பெயரோடு உறுதிப்படுத்தினர். 2013 டிசம்பர் 28-ஆம் நாள், 134 ஆண்டு கழித்து, ஆற்றின் இரு கரையிலும் அந்த 59 பெயரையும் பொறித்துக் கல் நாட்டினர். மாண்டவரின் பேரனுக்குப் பேரன் வந்து நின்று படிக்கும் காலம்! அவனால் முடிந்தது நம்மால் முடியாதா? நமக்கு எழுபதுதான். பாட்டி இன்னும் உயிரோடிருக்கும் வீடு எத்தனையோ உண்டு.

செலவைப் பேசுவார்கள். நாட்டிலே நாற்சந்திக்கு ஒரு சிலை இருக்கிறது. சிலைக்குக் கூண்டு, கூண்டுக்குக் காவல், காவலுக்குச் சம்பளம். ஒரு கருங்கல்லுக்குக் கஜானா காலியாகிவிடாது. கல்லுக்கு வலிமை ஏது, அது வெறும் அடையாளந்தானே என்பார் இன்னொருவர். அவர் யாழ்ப்பாணத்தைப் பார்க்கட்டும். பல்கலைக்கழக வளாகத்திலே முள்ளிவாய்க்கால் நினைவாக எழுப்பிய தூபியை 2021 சனவரி 8-ஆம் நாள் இரவோடு இரவாக இடித்தார்கள். வெறும் கல்லாக இருந்தால் இரவிலே வந்து இடிப்பானேன்? மாணவர் கொதித்தெழுந்தனர், மூன்றே நாளில் மறுபடி அடிக்கல் நாட்ட வேண்டியதாயிற்று, அதே ஆண்டு தூபி திரும்ப எழுந்தது. மக்கள் மறக்க வேண்டும் என்று நினைப்பவனுக்குக் கல்லின் வலிமை நன்றாகத் தெரியும். நமக்குத்தான் இன்னும் சரியாகத் தெரியவில்லை.

எங்கே நாட்டுவது? பாலத்தருகே என்று சிலர் சொல்வர். வேண்டாம். வேகத்திலே பறக்கும் வண்டியின் சன்னலிலிருந்து யார் படிக்க முடியும்? தனுஷ்கோடியிலே 1964 டிசம்பர் புயலிலே பயணிகள் வண்டியைக் கடல் விழுங்கியது. அங்கே இடிந்த மாதாகோயிலும் இடிந்த ரயில் நிலையமும் தாமே நினைவுச்சின்னமாக நிற்கின்றன, மக்கள் நடந்து போய்ப் பார்க்கின்றனர். மருதையாற்றுக்கு யார் நடந்து போவார்? மக்கள் நிற்கும் இடத்திலே கல் நிற்க வேண்டும். அரியலூர் நிலையத்திலே ஒன்று. திருவரங்கம் நிலையத்திலே ஒன்று. திருச்சி சந்திப்பிலே ஒன்று. திருவரங்கம் எதற்கு என்றால், அங்கே வைகுண்ட ஏகாதசிக்கு வரும் இலட்சக்கணக்கான கூட்டம் நடைமேடையிலே மணிக்கணக்காகக் காத்துக்கிடக்கிறது. படிக்க நேரமுள்ள கூட்டம். வைகுண்டத்தைப் பற்றி அவர்களுக்குச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மருதையாற்றைப் பற்றிச் சொல்ல அந்த ஒரு கல் இருக்கட்டும்.

வேலை நம்மிடம்தான் தொடங்க வேண்டும். இரயில்வே வாரியம் தானாக எழுதாது. எழுதுகிற வாரியமாக இருந்தால் 1957-இலேயே எழுதியிருக்கும். எழும்பூரிலே தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. கன்னிமரா நூலகம் இருக்கிறது. தரமணியிலே ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது. 1956 நவம்பர், டிசம்பர் மாதத்து நாளேடுகளை அங்கே புரட்டலாம். படித்த இளைஞர்கள் அதைச் செய்யட்டும். நகராட்சி, பஞ்சாயத்து இறப்புப் பதிவேடுகளைக் கேட்டு எழுதலாம். இழப்பீடு பெற்ற குடும்பங்களின் பட்டியல் எங்கே என்று தகவல் அறியும் சட்டத்தின்படி இரயில்வேயைக் கேட்கலாம். பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். நாடாளுமன்றத்திலே நம் உறுப்பினர்கள் கேள்வியாக எழுப்பலாம்.

காப்பகத்திலே கிடைக்காதது வீட்டிலே கிடைக்கும். அரியலூர், லால்குடி, திருவரங்கம், திருச்சி, மதுரை, நெல்லை, தூத்துக்குடி என்று அந்தத் தடம் போகும் ஊர்களிலெல்லாம் நம் கிளைகள் இருக்கின்றன. ஒவ்வொரு கிளையிலும் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். எண்பது வயதைத் தாண்டிய பெரியவர்களை, அம்மாக்களை, ஆத்தாக்களைப் போய்ப் பாருங்கள். "அரியலூர் ரயிலிலே உங்க பக்கம் யாராச்சும் போனாங்களா, தாத்தா?" என்று கேளுங்கள். பெயர், ஊர், வயது, என்ன தொழில், யாரைப் பார்க்கப் போனார், சொன்னவர் யார், அவருக்கு என்ன உறவு: இவ்வளவும் தனித்தனியாக எழுதுங்கள். சாதியைக் கேட்க வேண்டாம்; ஆறு கேட்கவில்லை. இரண்டு பேர் வெவ்வேறாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள், பிறகு ஒத்துப் பார்க்கலாம். பழைய படம் இருந்தால் வாங்கி வந்துவிடாதீர்கள். கைபேசியிலே படம் பிடித்துக்கொண்டு அவர்களிடமே கொடுத்துவிடுங்கள். நவம்பர் 23-க்கு முன் நோட்டுகள் மாவட்ட அலுவலகத்துக்கு வந்து சேரட்டும். அன்று காலை ஐந்தரை மணிக்கு அரியலூர் நிலையத்திலே கூடுவோம். சேர்ந்த பெயர்களை, பத்தானாலும் சரி, நூறானாலும் சரி, ஒவ்வொன்றாக ஒலிபெருக்கி இல்லாமல் படிப்போம். நிலைய அதிகாரியிடம் முன்கூட்டியே எழுத்திலே அனுமதி வாங்குவதும், நடைமேடைச் சீட்டு எடுப்பதும் கிளைச் செயலாளர்களின் பொறுப்பு.